அப்பாவுக்குக் கேட்காத பாதி

என் அப்பாவுக்கு 'ச' கேட்காது. காலையில் "ப்பா, பசியாறிட்டீங்களா?" என்றால், "யாரு போயிட்டா?" என்பார். அம்மா அவரிடம் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். தொலைக்காட்சி எப்போதும் நாற்பதில்தான் இருக்கும். வயசாச்சு, காது மந்தம் என்றுதான் வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

2024-இல் அறுபது வயதாகி வேலையிலிருந்து நின்ற பிறகுதான் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு தாளைக் காட்டினார். இடப்பக்கம் தாழ்ந்த ஒலிகள், வலப்பக்கம் போகப் போக உயர்ந்த ஒலிகள். அப்பாவின் கோடு பாதி தூரம் சுமாராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கிணற்றில் விழுந்தது மாதிரி இறங்கியிருந்தது. "ஃபேக்டரியில வேலையா?" என்றார் டாக்டர். நாங்கள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. இரைச்சலில் போன காது முதலில் அந்த இடத்தில்தான் போகுமாம். பேச்சில் உயிரெழுத்துகள் கீழே இருக்கின்றன. ச, ஸ, ஃப மாதிரியான உரசல் ஒலிகள் மேலே இருக்கின்றன. அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பாட்டு. சொன்னால் கிறுக்குத்தனமாகத் தெரியும். நைன் இஞ்ச் நெய்ல்ஸின் 'டவுன் இன் இட்'. 1989 செப்டம்பரில் வந்த அவர்களின் முதல் சிங்கிள்.

அதை நான் முதலில் கேட்டது 2011-இல், பாலிடெக்னிக் விடுதியில். அறைத் தோழன் ஈப்போ பக்கத்து மலாய்ப் பையன். ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய அண்ணன்காரன் சேர்த்துவைத்த பாட்டு கொண்டுவந்திருந்தான். அந்த அண்ணனின் கறுப்புச் சட்டைகளை அவன் அம்மா 2001-லேயே எரித்துவிட்டாராம். கெடாவில் பள்ளிக்கூடங்களில் பிளாக் மெட்டல் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த வருடம் அது. "இது மெட்டல் இல்ல பிரதர், இண்டஸ்ட்ரியல்" என்றான். அந்தச் சொல்தான் என்னை இழுத்தது. நான் பிறையில் வளர்ந்தவன். இண்டஸ்ட்ரியல் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்: தொழிற்பேட்டை, ஷிப்ட் பஸ், ஓ.டி.

அப்பா கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1986-இல் பிறைக்கு வந்தவர். தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் வேலை. சின்ன வயதில் கம்பெனி குடும்ப தினத்துக்கு ஒருமுறை கூட்டிப் போனார். கதவைத் திறந்ததும் சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சில்தான் மோதியது. டொம்மென்று ஒரு இடி, அதற்கு மேல் தகடு கிழியும் கிறீச், காற்று பிய்த்துக்கொண்டு வெளியேறும் உஸ்ஸ். இந்த மூன்றும் ஒரு கணக்கில் திரும்பத் திரும்ப வரும். எனக்குப் பிடித்திருந்தது. ஐந்து நிமிடம்தான் நின்றேன், அதனால் பிடித்திருந்தது.

ஹாஸ்டலில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டபோது அந்தக் கதவு திறக்கும் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. டிரம் மிஷின், சின்தசைசர் பேஸ், அதற்கு மேல் ஒருத்தன் கிட்டத்தட்ட ராப் மாதிரி பேசிக்கொண்டே போகிறான். மேலே இருந்தவன் கீழே விழுந்த கதை. பாட்டின் பின்பாதியில் மழையைப் போகச்சொல்லிக் குழந்தைகள் பாடும் பாட்டின் வரி வருகிறது, நான் பாலர் பள்ளியில் கற்ற அதே பாட்டு. இதில் எங்கேடா ஃபேக்டரி என்று தோழனிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு அடுத்த ஆல்பத்தைப் போட்டான்.

பிறகு தேடிப் படித்தேன். இந்த இசைக்குப் பெயர் வந்ததே ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரிலிருந்து. 1976-இல் லண்டனில் திராபிங் கிரிசில் என்ற குழு 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. தங்கள் ஸ்டூடியோவுக்கு மரணத் தொழிற்சாலை என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழிலாளியின் தொழிற்சாலைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. 1980-இல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டூர்சென்ட நொய்பாவ்ட்டன் வந்தார்கள், இரும்புத் துண்டும் துளைபோடும் கருவியுமாக மேடையேறியவர்கள். எனக்கு மனதுக்கு நெருக்கமாகப் போனது டெஸ்ட் டிபார்ட்மென்ட்தான். தென் லண்டன் ஆட்கள். பழைய இரும்பைத் தட்டி வாசித்தவர்கள், 1984-85 பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்று, தென் வேல்ஸில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து ஒரு ஆல்பமே போட்டார்கள். இரும்பின் சத்தத்தை எடுத்துக்கொண்டவர்களில் இரும்போடு வேலை செய்தவனைத் தேடிப் போனவர்கள் அவர்கள். இசையாகக் கேட்டால் 'டவுன் இன் இட்' அளவுக்கு எனக்கு ஒட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ட்ரெண்ட் ரெஸ்னர் அப்பாவைவிட ஒரு வயது இளையவர். 1965-இல் பிறந்து பென்சில்வேனியாவில் மெர்சர் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே பியானோ கற்றார். கல்லூரியில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்துவிட்டு விட்டார். கிளீவ்லாந்துக்குப் போய் ரைட் டிராக் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உதவி இன்ஜினியர் வேலையோடு கூட்டிப் பெருக்கித் தரை துடைப்பதும் அவர்தான். முதலாளி ஒரு சலுகை கொடுத்தார்: கூடம் காலியாக இருக்கும் இரவு நேரங்களில் சொந்தப் பாட்டைப் பதிவு செய்துகொள்ளலாம். பிரின்ஸ் மாதிரி எல்லாவற்றையும் தானே வாசிப்பது என்று முடிவெடுத்து, ஒரு சாம்ப்ளரும் ஒரு மேக்கின்டோஷும் வைத்துக்கொண்டு அந்த இரவுகளில் உருவாக்கிய பாட்டுகள்தான் பின்னால் 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' ஆயின.

இந்த இடத்தை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் வந்தது. அப்பாவும் நைட் ஷிப்ட்தான். அவருடைய மிஷின் இரவில் காலியாக இருந்ததே இல்லை.

'டவுன் இன் இட்' அப்படியொன்றும் சொந்தச் சரக்கும் இல்லை. கனடாவின் ஸ்கின்னி பப்பி குழுவின் 'டிக் இட்' பாட்டைப் பார்த்துச் செய்தது என்று ரெஸ்னரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டால் யாருக்கும் தெரியும். தயாரிப்பில் கைவைத்தவர்கள் லண்டனின் ஏட்ரியன் ஷெர்வுட், அமெரிக்கரான கீத் லெப்ளாங்க். ஷெர்வுட் டப் இசையில் ஊறியவர். லெப்ளாங்க் ஆரம்பகால ஹிப்-ஹாப் இசைத்தட்டுகளுக்கு டிரம்ஸ் வாசித்தவர். ஜமைக்கா வழி வந்த கை ஒன்று, நியூயார்க் தெருவழி வந்த கை ஒன்று. அந்தப் பேச்சுப்பாட்டுக்குக் கீழே தரை அவ்வளவு உறுதியாக இருப்பதற்கு இவர்கள்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெளியிட்டது டி.வி.டி. ரெக்கார்ட்ஸ். தொலைக்காட்சித் தொடர்களின் தலைப்பு இசையைத் தொகுத்து விற்று வளர்ந்த நிறுவனம். சிங்கிளுக்கு 'ஹாலோ 1' என்று எண் போட்டார்கள். அடுத்த மாதம் வந்த ஆல்பம் ஹாலோ 2. அந்தக் குழுவின் வெளியீடுகளுக்கெல்லாம் இந்த வரிசை எண் தொடர்ந்தது. ரசிகர்கள் இன்றும் அதை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். சிங்கிளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், ஒரே பாட்டு மூன்று தடவை. ஸ்கின், ஷ்ரெட், சிஞ்ச். தோல், கிழிப்பு, பொசுக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். நடன விடுதிகளுக்காக ஒரே பாட்டை இப்படி நீட்டி, வெட்டி, கரைத்துக் கொடுப்பது அன்றைய வழக்கம். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ மூணு சம்பளமா?" என்று கேட்டார்.

அப்பாவிடம் இதையெல்லாம் எப்போது சொன்னேன் என்பதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

2013-இல் நான் ஒரு கவிதை எழுதினேன். பிரஸ் மிஷினைப் பற்றி. அதன் இடியைப் பறை என்றும், காற்று விடும் ஓசையைப் புல்லாங்குழல் என்றும் எழுதி, இறுதியில் அப்பாவை இசையமைப்பாளராக ஆக்கியிருந்தேன். இந்த இண்டஸ்ட்ரியல் கிறுக்கெல்லாம் தலையில் இருந்த காலம். ஒரு போட்டியில் பரிசு கிடைத்தது. நிகழ்ச்சிக்கு அப்பா வந்தார், தீபாவளிச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் மைக்கில் வாசித்தேன். சரியான இடங்களில் எல்லாம் கை தட்டினார், எல்லாரோடும் சேர்ந்து. சிரித்தார். வீட்டுக்கு வந்து "நல்லா இருந்துச்சுடா" என்றார். வருடக்கணக்காக அதுதான் என் பெருமை.

டாக்டரிடம் போய்வந்த அன்று காரில் அப்பா பேசினார். கம்பெனிக்கு அவ்வப்போது ஒரு வண்டி வருமாம், காது சோதிக்க. உள்ளே ஒரு சின்னப் பெட்டி அறை. ஹெட்ஃபோனைப் போட்டு உட்காரவைப்பார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸி உட்கார்ந்து மிஷினை இயக்குவார்.

"அந்தப் பொண்ணு சுவிட்ச தட்டுறப்ப தோளு லேசா ஏறும்டா. நா அதப் பாத்துக்கிட்டே அமுத்திருவேன்."

"ஏம்ப்பா?"

"கேக்கலன்னு தெரிஞ்சா பிரஸ்ஸவிட்டு மாத்திருவானுங்க. ஸ்டோர்ல போட்டா ஓ.டி. ஏது? நீ அப்ப படிச்சிக்கிட்டு இருந்த."

நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு அந்தப் பரிசளிப்பு மேடைதான் கண்ணில் நின்றது. மற்றவர்களின் கைகளைப் பார்த்துத்தான் அன்று அவர் தட்டியிருக்கிறார். அவர் காதைத் தின்ற சத்தத்தை நான் மைக் வைத்து அழகாக்கிக்கொண்டிருந்தபோது, அதில் ஒரு வரிகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"காது மூடி குடுக்கலையா?"

"குடுத்தான். அத போட்டா மிஷினு சத்தம் மாறுறது தெரியாது. டை ஒடையறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி கத்தும். அது கேக்கலன்னா வெரலு போயிரும்."

விரலைக் காப்பாற்றக் காதைக் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றி எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார், மார்க்கெட்டில் மீன் விலை சொல்வது மாதிரி.

நம் நாட்டில் தொழிற்சாலை இரைச்சலுக்கென்று தனி விதிமுறை வந்ததும் 1989-இல்தான். அந்த சிங்கிள் வந்த அதே வருடம். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதி. 85-ஐத் தொட்டாலே கம்பெனி நடவடிக்கையைத் தொடங்க வேண்டும், சோதனை செய்ய வேண்டும். 2019-இல் புதிய விதிமுறை வந்து வரம்பை 85 ஆக்கியது. ஐந்து டெசிபல் என்றால் சும்மா ஐந்து என்று தோன்றும். மூன்று கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும் என்பதை வைத்துப் பார்த்தால், பழைய வரம்பு புதியதைப்போல் மூன்று மடங்கு. அப்பாவின் முப்பத்தெட்டு வருடங்களில் முப்பது அந்தப் பழைய எண்ணுக்குக் கீழே ஓடியவை, விதி சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தாலே.

இந்தத் தேதி ஒற்றுமைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனால் என்னால் அதை மறக்கவும் முடியவில்லை. கிளீவ்லாந்தில் இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருத்தனுடைய சத்தம் வெளியே வருகிறது. பிறையில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருத்தனுக்குள் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது.

போன தீபாவளி விடுமுறையில் ஒரு மதியம், வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். பழைய ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் துடைத்து வைத்திருந்தார். ஒரு பாட்டு போடட்டுமா என்று கேட்டேன். இளையராஜா என்று நினைத்துத் தலையாட்டினார்.

முதலில் கதையைச் சொன்னேன், இந்தப் பாட்டின் வீடியோ கதையை. சிகாகோவில் எடுத்தார்கள். முடிவில் ரெஸ்னர் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து தெருவில் செத்துக்கிடக்க வேண்டும். முகமெல்லாம் சோளமாவு. கேமரா மேலே மேலே போய் அவரைப் பார்க்க வேண்டும். கிரேன் ஏதும் இல்லை. கேமராவை பலூன்களில் கட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கயிறு அறுந்துவிட்டது. கேமரா பறந்தே போய், இருநூறு மைல் தள்ளி மிச்சிகனில் ஒரு வயலில் விழுந்தது. விவசாயி எடுத்துப் போலீசில் கொடுத்தார். படத்தைப் போட்டுப் பார்த்தவர்கள் அதிர்ந்துவிட்டார்கள்: தெருவில் ஒரு பிணம், விட்டுவிட்டு நடந்துபோகும் இரண்டு கறுப்பு உடை ஆசாமிகள். விஷயம் எஃப்.பி.ஐ.க்குப் போனது. உடல் அழுக ஆரம்பித்திருக்கிறது என்று படத்தைப் பார்த்த நிபுணர் ஒருவர் நினைத்தாராம். சோளமாவுதான் அழுகல். ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் பிணம் யார், கொன்றது யார் என்று தேடி, கடைசியில் பிணம் உயிரோடு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு டி.வி.யில் அது ஒரு வேடிக்கைச் செய்தியாகவும் வந்தது. பாட்டைத் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கதை தெரியும்.

அப்பாவுக்காக உரக்க, மெதுவாக, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாவாத ஆளுக்கு ஒரு வருசம் தேடியிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க கம்பெனியில அந்த வங்காளதேசத்துப் பையன் மிஷின்ல போனானே, நாலு நாளுதான். அஞ்சாவது நாளு அதே மிஷின்ல வேற ஆளு." அந்தப் பையனைப் பற்றி அவர் அதற்கு முன் பேசியதில்லை. நான் பெயர் கேட்டேன். பெயரைச் சொன்னார். இங்கே எழுதவில்லை.

பாட்டைப் போட்டேன். அப்பா நாற்காலியை இழுத்து ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பிரஸ்ஸில் டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க இப்படித்தான் கை வைப்பாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த இசையை 'இண்டஸ்ட்ரியல்' என்று அடையாளம் காட்டுவதெல்லாம் மேலே இருக்கிறது. உலோகச் சிலும்பல், இரைச்சல் ஏறிய கிடார், ஹை-ஹேட்டின் உஸ், குரலைச் சுற்றியிருக்கும் அரம். டாக்டர் காட்டிய தாளில் கோடு கிணற்றில் விழுந்த அதே பக்கம். அப்பாவுக்கு அது எதுவும் போகாது. தொழிற்சாலை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது போக மீதி இருப்பதுதான் கேட்கும்: பேஸ், டிரம், ஓர் ஆணின் பேச்சு, என்ன பேசுகிறான் என்று தெரியாமல்.

பாட்டு முடிந்தது. "எப்படி?" என்று சைகையில் கேட்டேன்.

"யாரோ தூக்கம் வராம நடந்துகிட்டே பேசுறான்" என்றார். "பொலம்பல்தான். அடி நல்லா இருக்கு, பிசகாம இருக்கு. அப்புறம் ஏதோ புள்ளைங்க பாட்டு மாதிரி வருதே?"

பதினான்கு வருடங்களாக அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் தூக்கம் வராத மனிதன் இல்லை. இரவில் யாருமில்லாத கூடத்தில் தரை துடைத்துவிட்டுப் பாடியவன் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கவிதையைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அன்று நான் என்ன வாசித்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா என்று. கேட்கவில்லை. வேண்டுமானால் எழுதிக் காட்டலாம். அவர் படிப்பார், தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். பறை, புல்லாங்குழல் என்று படித்துக்கொண்டு வருகையில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் காகிதம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

"இன்னொரு வாட்டி போடு" என்றார். சத்தத்தை ஏற்றச் சொல்லிக் கையைத் தூக்கினார். நான் ஏற்றினேன். ஃபோனில் டெசிபல் அளக்கும் செயலி ஒன்று இருந்தது, அதைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். முள் 91, 92 என்று ஆடியது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"தொண்ணூத்தி ரெண்டா?" என்றார். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கம்பெனி பெயர் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் காது மூடிகள், பிரிக்காமல், ஒரு கைப்பிடி இருக்கும். ஒரு ஜோடியை என்னிடம் கொடுத்தார்.

"போட்டுக்க" என்றார். அவர் போட்டுக்கொள்ளவில்லை.